உலோகத் தூளை நுண்ணலையால் மதிப்பிடுதல்: 316எல் தூளுக்கான முழுமையான வழிகாட்டி

லேசர் தூள் படுகை முறையில் உலோக முப்பரிமாண அச்சு செய்பவர்கள், அச்சில் உருகாமல் எஞ்சிய தூளைச் சலித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். அப்படிப் பயன்படுத்தப்பட்ட தூள் புதிய தூளிலிருந்து எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்பதை ஒரு கிராமுக்கும் குறைந்த மாதிரியைக் கொண்டு, மாதிரியைக் கெடுக்காமல், சில நிமிடங்களில் காட்டக்கூடியது நுண்ணலை அளவீடு. கருவியை இயக்கக் கற்பது ஒரு நாள் வேலைதான். ஆனால் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கருவியில் அல்ல. கருவிக்கு வரும் முன்னர் செய்யவேண்டியவற்றின் வரிசையில்தான். ஆகவே இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பின்பற்றிச் செல்கிறது. எடுத்துக்காட்டுக்கு, 15 முதல் 45 மைக்ரான் வரை விட்டமுள்ள, வாயுவால் தெளித்து உருவாக்கப்பட்ட 316எல் துருப்பிடிக்காத எஃகுத் தூளை எடுத்துக்கொள்கிறேன்.

1. கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

தூளை ஓர் உலோகக் குழிக்குள் வைத்து, அந்தக் குழி எந்த அதிர்வெண்ணில் நுண்ணலையோடு ஒத்ததிர்கிறது என்று பார்ப்பதே இந்த அளவீடு. அதன் முடிவில் கையில் கிடைப்பவை இரண்டே எண்கள்: ஒத்ததிர்வு அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது, ஒத்ததிர்வின் பட்டை எவ்வளவு அகன்றது. இவ்விரண்டையும் துகளின் அளவு, உலோகத்தின் மின்தடை எண், காந்தத்தன்மை, தூள் எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது, ஈரப்பதம், துகள்களின் மேலுள்ள ஆக்சைடு, அறையின் வெப்பநிலை ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இரண்டு எண்களிலிருந்து ஏழு விடைகளைப் பிரித்தெடுக்க முடியாது.

எனவே, "இந்தத் தூளின் சராசரி விட்டம் என்ன?" என்று கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். "இந்தத் தொகுதி என் ஒப்பீட்டுத் தொகுதியிலிருந்து வேறுபடுகிறதா, வேறுபட்டால் பெருத்திருக்கிறதா, சிறுத்திருக்கிறதா, காந்தத்தன்மை பெற்றிருக்கிறதா?" என்று கேட்டால் நம்பத்தக்க விடை கிடைக்கும். துகளின் வடிவம், ஓட்டத்தன்மை, வேதியியல் கூறுகள் ஆகியவற்றுக்கு இது மாற்று அல்ல. ஹால் புனலில் ஓட்ட நேரம் பார்க்கும், ஏஎஸ்டிஎம் தர நிர்ணய அமைப்பின் பி213 சோதனையும், லேசர் ஒளிச்சிதறலால் அளவுப் பரவலைக் காணும் பி822 சோதனையும் அவற்றுக்குரிய இடத்தில் இருந்தே தீரும்.

2. ஊடுருவு ஆழத்தைக் கணக்கிடுங்கள்

பலர் தவிர்த்துவிட்டு நேரே ஆய்வகத்துக்குப் போகும் படி இதுதான். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதைத் தவிர்த்ததன் விளைவு.

நுண்ணலையின் காந்தப்புலம் உலோகத்துக்குள் முழுவதுமாக நுழைவதில்லை. மேற்பரப்பிலிருந்து குறிப்பிட்ட ஆழத்துக்குள் தேய்ந்துவிடுகிறது. அந்த ஊடுருவு ஆழத்தைக் காண, மின்தடை எண்ணை எடுத்து, அதைப் பை, அதிர்வெண், வெற்றிடத்தின் உட்புகுதிறன் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 316எல் எஃகுக்கு இது ஏறக்குறைய 7 மைக்ரான். டைட்டானியம் 6-4 கலவைக்கு ஏறக்குறைய 10 மைக்ரான். தூய செம்புக்கு ஏறக்குறைய 1 மைக்ரான்.

ஒரு கோளத் துகள் காந்தப்புலத்திலிருந்து உறிஞ்சும் ஆற்றல், அதன் ஆரம் ஊடுருவு ஆழத்தைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்காக இருக்கும்போது உச்சத்தை அடைகிறது. துகள் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால் புலம் அதனூடே தடையின்றிப் போய்விடுகிறது. சுழல் மின்னோட்டம் வலுப்பெறுவதில்லை. மிகப் பெரியதாக இருந்தால் புலம் மேற்பரப்போடு நின்றுவிடுவதால், உட்பகுதியின் கனஅளவு ஆற்றலை உறிஞ்சுவதில் பங்கேற்பதில்லை.

இப்போது எண்களைப் பொருத்திப் பாருங்கள். 316எல் தூளுக்கு உச்சம் வரும் விட்டம் 33 மைக்ரானை ஒட்டி அமைகிறது. அதாவது 15 முதல் 45 வரையிலான நம் தூளின் நட்ட நடுவில். டைட்டானியத்துக்கு அது 50 மைக்ரான். அதே அளவுள்ள தூள் முழுவதும் உச்சத்துக்குக் கீழே நிற்கும். செம்புக்கு 5 மைக்ரான். தூள் முழுவதும் உச்சத்தைத் தாண்டி நிற்கும்.

துகள்கள் இப்படி உறிஞ்சும் ஆற்றலையே இழப்பு என்கிறோம்; ஒத்ததிர்வின் பட்டை அகல்வது அதனால்தான். மற்றவை மாறாதபோது, டைட்டானியத்திலும் செம்பிலும் இழப்பு கூடினால் அதன் பொருள் ஒன்றுதான்: முன்னதில் துகள் பெருத்திருக்கிறது, பின்னதில் சிறுத்திருக்கிறது. 316எல் தூளில் நிலைமை அப்படியில்லை. தூள் பெருத்தாலும் இழப்பு குறையலாம், சிறுத்தாலும் குறையலாம். இழப்பை மட்டும் பார்த்துவிட்டு "தூள் நுண்மையாகிவிட்டது" என்று அறிக்கை எழுதுவது, தொடங்குபவர்கள் செய்யும் பிழைகளுள் முதன்மையானது. இதற்கான தீர்வு பத்தாம் படியில் வருகிறது.

மற்றொன்றையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். உச்சத்துக்குக் கீழே ஓரலகுக் கனஅளவில் இழப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், பெரிய துகள்களே எண்ணைத் தீர்மானிக்கின்றன. டைட்டானியத்தில் சிறிதளவு நுண்துகள் கலந்தால் இந்த முறை அதைக் கண்டுகொள்ளாது. உச்சத்தைத் தாண்டிய செம்பில் மேற்பரப்பின் பரப்பளவே எண்ணைத் தீர்மானிப்பதால், அங்கே நுண்துகள்களின் குரல் ஓங்கும். எந்தத் தூளுக்கு எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதை இந்த வேறுபாடே முடிவுசெய்கிறது.

17-4 வகை எஃகும் மராஜிங் எஃகும் ஃபெர்ரோ காந்தத் தன்மை கொண்டவை. மேற்கண்ட கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

3. குழியையும் அதிர்வு முறைகளையும் தேர்ந்தெடுங்கள்

ஆய்வகத்தில் கேவிட்டி என்று சொல்லப்படும் ஒத்ததிர்வுக் குழி, உள்ளே குடைந்தெடுத்த ஓர் உலோக உருளை. உள் ஆரம் 46 மில்லிமீட்டர், உயரம் 40 மில்லிமீட்டர் கொண்ட அலுமினிய உருளை இந்த வேலைக்கு வசதியானது. அதன் அச்சு வழியே, மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் உள்ள துளைகளின் ஊடாக, தூள் நிரப்பிய குவார்ட்ஸ் குழாய் நிற்கும்.

இந்தக் குழியில் நமக்கு வேண்டியவை மூன்று அதிர்வு முறைகள், அதாவது குழிக்குள் புலம் நிலைகொள்ளும் மூன்று வடிவங்கள். 2.5 கிகாஹெர்ட்ஸில் வரும் டிஎம்010 முறையில் அச்சில் மின்புலம் உச்சமாகவும் காந்தப்புலம் சுழியாகவும் இருக்கும். 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வரும் டிஎம்110 முறையிலும், 5.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வரும் டிஇ011 முறையிலும் அச்சில் காந்தப்புலம் உச்சமாகவும் மின்புலம் சுழியாகவும் இருக்கும். ஒரே குழாயை அசைக்காமல், அதிர்வெண்ணை மட்டும் மாற்றி, மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் தூள் காட்டும் எதிர்வினையைத் தனித்தனியே பார்க்க முடிவது இந்த அமைப்பின் பெரும் பலன்.

இரண்டு சிக்கல்களைக் குழியைக் கடையும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். டிஎம்110 ஒரே அதிர்வெண்ணில் இரட்டையாகப் பிறப்பது. அதைப் பிரிக்காவிட்டால் திரையில் ஒட்டகத்தின் முதுகைப்போல இரண்டு திமில்கள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். சுவரில் ஒரு சிறு உலோகத் திருகைச் செருகி இரட்டையரை 10 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிறுத்திவிட்டால், தூள் பட்டையை அகலமாக்கிய பின்னும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. எந்தத் திமிலை அளக்கிறீர்கள் என்பதைக் குறித்து வைத்து, எப்போதும் அதையே அளக்க வேண்டும். டிஇ011 முறையோ டிஎம்111 முறையுடன் அதே அதிர்வெண்ணைப் பகிர்ந்துகொள்கிறது. மூடிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மெல்லிய காடி வெட்டினால் டிஎம்111 விலகிப்போகும்; டிஇ011 முறையின் மின்னோட்டம் அந்த மூலையைக் குறுக்கே கடப்பதில்லை என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

4. தேவையானவற்றை முன்னரே சேகரியுங்கள்

நுண்ணலையைக் குழிக்குள் அனுப்பி, கடந்து வருவதை 6 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் இரு முனை நெட்வொர்க் அனலைசர், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, 2 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள குவார்ட்ஸ் குழாய்கள், குழியின் உடலில் பதித்த வெப்பநிலை உணரி, சுழற்சி முறையில் மாதிரியைப் பிரிக்கும் கருவி, வெற்றிட உலர்த்தி ஆகியவை வேண்டும். ஒப்பீட்டுக்கு, உங்கள் அச்சு இயந்திரத்தில் நல்ல பாகங்களைத் தந்த புதிய தூளில் ஒரு பங்கைக் காற்றுப் புகாத குப்பியில் தனியே எடுத்து வையுங்கள். இந்தக் குப்பி இல்லாமல் மற்ற அனைத்தும் இருந்தும் பயனில்லை.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வரிகள். நுண்ணிய டைட்டானியத் தூளும் அலுமினியத் தூளும் தீப்பற்றக்கூடியவை. நிலைமின் பொறியே போதும். கையுறை, துகள் முகமூடி, மின்னிறக்க இணைப்பு ஆகியவை இன்றிக் குப்பியைத் திறக்க வேண்டாம். அனலைசர் தருவது மில்லிவாட் அளவு திறன்தான் என்பதால் தூள் சூடேறாது. ஆனால் "நுண்ணலைதானே" என்று சமையலறை அடுப்பில் உலோகத் தூளை வைத்துப் பார்க்கும் ஆர்வம் ஆய்வகத்துக்கு வந்த மாணவர்களிடம் ஒருமுறைக்கு மேல் எழக் கண்டிருக்கிறேன். அது வேறு கருவி, அங்கே திறனும் வேறு, செய்யவே கூடாது.

5. மாதிரியை முறையாக எடுங்கள்

5 கிலோ தூளிலிருந்து ஒரு கிராமுக்கும் குறைவானதைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். போக்குவரத்தில் குலுங்கிய கொள்கலனில் பெரிய துகள்கள் மேலேயும் நுண்துகள்கள் கீழேயும் பிரிந்து நிற்கும். மேலிருந்து ஒரு கரண்டி அள்ளினால் கொள்கலனை அல்ல, அதன் மேற்பரப்பை மட்டுமே அளப்பீர்கள்.

ஏஎஸ்டிஎம் பி215 இதற்கான நடைமுறையைத் தருகிறது. கொள்கலனை மெதுவாக உருட்டிக் கலந்து, மாதிரி ஊசியால் பல ஆழங்களில் எடுத்து, சேர்த்ததைச் சுழல் பிரிப்பானில் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் ஏறக்குறைய 5 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த 5 கிராமிலிருந்து ஐந்து தனித்தனி நிரப்பல்கள் செய்யலாம். ஒரே நிரப்பலை ஐந்து முறை அளப்பதும், ஐந்து நிரப்பல்களை ஒவ்வொரு முறை அளப்பதும் ஒன்றல்ல: முன்னது கருவியின் நிலைத்தன்மையை மட்டும் சொல்லும், பின்னதுதான் தூளைச் சொல்லும்.

6. உலர்த்துங்கள், ஆனால் காரணம் அறிந்து உலர்த்துங்கள்

2.5 கிகாஹெர்ட்ஸில் நீரின் சார்பு விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு எதிர்வினை காட்டும் என்பதன் அளவு) அறை வெப்பநிலையில் 77-ஐ ஒட்டி இருப்பதால், துகள்களின் இடுக்கில் ஒட்டிய சிறிதளவு ஈரம்கூட மின்புல அளவீட்டை நகர்த்திவிடும். காந்தப்புல அளவீட்டை ஈரம் ஏறத்தாழ பாதிப்பதில்லை. 80 டிகிரி செல்சியஸில் வெற்றிடத்தில் சில மணி நேரம் உலர்த்தி, வெற்றிடத்திலேயே ஆறவிட்டு, உடனே மூடிய குப்பிக்கு மாற்றுங்கள். உங்கள் கேள்வியே ஈரத்தைப் பற்றியது என்றால், உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் மின்புல முறையில் அளந்து வேறுபாட்டைப் பாருங்கள்.

சூடாக இருக்கும் தூளைக் குழாயில் போடக் கூடாது. குழியின் வெப்பநிலையை அது குலைத்துவிடும். அடுத்த படியில் இதன் விலை என்ன என்பது தெரியும்.

7. வெற்றுக் குழியை அளவிடுங்கள்

அனலைசரை இயக்கி அரை மணி நேரமாவது சூடேறவிடுங்கள். பிறகு வெற்றுக் குழாயைக் குழியில் நிறுத்தி, மூன்று முறைகளிலும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணையும் பட்டை அகலத்தையும் பதிவுசெய்யுங்கள். ஒத்ததிர்வு அதிர்வெண்ணைப் பட்டை அகலத்தால் வகுத்தால் கிடைப்பது தரக் காரணி. நல்ல அலுமினியக் குழியில் அது 10000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அது 3000 அல்லது 4000 என்று வந்தால் மூடி சரியாக அமரவில்லை, அல்லது உட்சுவரில் முந்தைய தூள் படிந்திருக்கிறது. தொடராமல் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

அனலைசரைக் குழியோடு இணைக்கும் சிறு கம்பி வளையங்களை அதிகம் உள்ளே தள்ளாமல், இணைப்பைத் தளர்வாக வைக்க வேண்டும். ஒத்ததிர்வின் உச்சியில் கடத்தப்படும் சமிக்ஞை மைனஸ் 30 டெசிபலை ஒட்டி இருந்தால், இணைப்பால் தரக் காரணி குறைந்து தெரிவது 3 விழுக்காடுதான். மைனஸ் 20 டெசிபலில் அது 10 விழுக்காடாகிவிடும். திரையில் சமிக்ஞை அழகாக உயர்ந்து தெரிய வேண்டும் என்பதற்காக வளையங்களை உள்ளே தள்ளுபவர்கள், தூளை அளப்பதாக நினைத்துக்கொண்டு வளையங்களை அளக்கிறார்கள்.

உச்சிப் புள்ளியையும் 3 டெசிபல் கீழுள்ள இரு புள்ளிகளையும் கண்ணால் குறிப்பதைவிட, வளைவு முழுவதையும் ஒத்ததிர்வுக்குரிய கணித வளைவான லோரன்ட்ஸ் வடிவத்துக்குப் பொருத்தி எண்களை எடுப்பது மேல். பட்டை அகலத்தைப்போல் நான்கைந்து மடங்கு வீச்சும், ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளும், அனலைசரில் 1 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் குறைந்த இடைநிலைப் பட்டை அகலமும் (ஐஎஃப் பேண்ட்வித்) போதும்.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். அலுமினியம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. ஆகவே 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு டிகிரி மாற்றம் 92 கிலோஹெர்ட்ஸ் நகர்வைத் தரும். 316எல் தூள் இதே முறையில் தரும் நகர்வே ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால், ஒரு டிகிரியைக் கவனிக்காமல் விட்டால் விடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பிழை புகுந்துவிடும். குளிர்சாதனத்தின் காற்று நேரே குழியின் மேல் விழும்படி மேசையை வைத்திருப்பது இப்படித்தான் ஒரு வார வேலையைக் கெடுக்கும். ஒவ்வொரு அளவீட்டிலும் வெப்பநிலையைப் பதிவுசெய்வதோடு, தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் வெற்றுக் குழியை அளந்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

8. குழாயை நிரப்புங்கள்

என் அனுபவத்தில், இரு ஆட்கள் ஒரே தூளுக்கு வெவ்வேறு விடை பெற்றால், காரணம் பெரும்பாலும் இந்தப் படியில்தான் கிடக்கும்.

முதலில் குழாயையே அறிந்துகொள்ள வேண்டும். 2 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் குழாயில் 0.05 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால், குறுக்குப் பரப்பில் அது 5 விழுக்காடு. குழாயில் குறித்த உயரத்துக்கு நீர் நிரப்பி எடைபோட்டு, உண்மையான உள் விட்டத்தைக் கணக்கிட்டு, குழாய்க்கு ஓர் எண் கொடுங்கள். 40 மில்லிமீட்டர் உயரத்துக்கு 0.126 கிராம் நீர் பிடிக்க வேண்டும். ஒப்பீட்டுத் தூளுக்கும் சோதனைத் தூளுக்கும் இயன்றவரை ஒரே குழாயையே பயன்படுத்துங்கள்.

வெற்றுக் குழாயை எடைபோடுங்கள். சிறிய புனல் வழியாகத் தூளை ஒரே சீராக விழவிடுங்கள். 2 மில்லிமீட்டர் குழாயில் ஓட்டத்தன்மை குறைந்த தூள் பாலம் கட்டி நின்றுவிடும். உள்ளே காலியிடம் இருப்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. அதனால் மூன்று தவணையாக நிரப்பி, ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் குழாயை ஒரே உயரத்திலிருந்து, ஒரே எண்ணிக்கையில் தட்டுங்கள். கையால் தட்டினாலும் எண்ணித் தட்டுங்கள். சிறிய தட்டு இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. தூள் நிற்கும் உயரம் குழியின் உயரத்தைவிட இருபுறமும் குறைந்தது 5 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். தூளின் முனை குழிக்குள்ளேயே முடிந்தால், புலம் அந்த முனையில் வளைந்து, நீங்கள் கணக்கிடும் எதுவும் பொருந்தாமல் போகும்.

பிறகு நிரம்பிய குழாயை எடைபோடுங்கள். எடையையும் தூள் நிற்கும் உயரத்தையும் கொண்டு அடைவு அடர்த்தியைக் கண்டு, அதைத் திட எஃகின் அடர்த்தியான ஒரு கன சென்டிமீட்டருக்கு 8 கிராமால் வகுத்தால், குழாயில் உலோகம் நிரம்பிய பின்னம் கிடைக்கும். நன்றாக ஓடும் 316எல் தூளுக்கு இது 0.5-க்கும் 0.6-க்கும் இடையில் வரும். இந்தப் பின்னம் பதிவு செய்யப்படாத எந்த நுண்ணலை அளவீட்டையும் நான் ஒதுக்கிவிடுவேன். தூள் மாறியதா, தட்டல் மாறியதா என்பதைப் பிரித்துச் சொல்ல வேறு வழியே இல்லை.

9. காந்தப்புல முறையில் அளவிட்டு, பின்னர் மின்புல முறைக்கு வாருங்கள்

குழாயைக் குழியில் நிறுத்தும்போது அது அச்சில் செங்குத்தாக நிற்க வேண்டும். டிஎம்110 முறையில் மின்புலம் அச்சில் மட்டுமே சுழி. விலக விலக அது வளரும். குழாய் சாய்ந்தால் மின்புல இழப்பும் உள்ளே நுழைந்து, காந்த இழப்புபோல் வேடமிடும். மேல், கீழ்த் துளைகளில் இறுக்கமாக அமரும் டெஃப்லான் வளையங்கள் இதைத் தீர்க்கும். குழாயைத் தன் அச்சிலேயே கால் சுற்று திருப்பி மீண்டும் அளந்து பாருங்கள். எண் மாறினால் குழாய் நடுவில் இல்லை.

முதலில் டிஎம்110, அடுத்து டிஇ011, கடைசியில் டிஎம்010. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காந்தப்புல விடை, துகள்கள் ஒன்றையொன்று தொடுவதைப் பெரிதும் சார்ந்ததல்ல. மின்புல விடை அந்தத் தொடுகையை மிகவும் சார்ந்தது. குழாயைத் தொடத் தொட, தூள் இன்னும் சற்று இறங்கும். முதன்மையான எண்களை முதலில் எடுத்துவிடுவது நல்லது. மூன்றும் முடிந்ததும் தூள் மட்டத்தை மீண்டும் பாருங்கள். இறங்கியிருந்தால் அந்த நிரப்பலைக் கைவிடுங்கள்.

டிஎம்110 முறையில் தரக் காரணி 10000-லிருந்து ஓரிரண்டு ஆயிரத்துக்கு விழுவதைக் காண்பீர்கள். பட்டை அகன்றுவிடுவதால் வீச்சையும் அதற்கேற்ப அகலமாக்க வேண்டும். அதிர்வெண் மேல்நோக்கி நகரும்; உலோகத் துகள்கள் காந்தப்புலத்தை வெளியே தள்ளுவதன் அடையாளம் அது. டிஎம்010 முறையில் நேர்மாறாக அதிர்வெண் கீழ்நோக்கி, பல மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு நகரும். இந்தத் திசைகள் தலைகீழாக வந்தால் நீங்கள் அளப்பது வேறொரு அதிர்வு முறை.

செம்புத் தூள் போன்றவற்றில், துகள்களின் மேல் ஆக்சைடு மெல்லியதாக இருந்தால், டிஎம்010 சமிக்ஞையே மறைந்துபோவதுண்டு. தூள் தொடர்ச்சியான கடத்தியாகி, துளைகள் வழியே அலையை வெளியே கசியவிடுகிறது என்பது பொருள். அந்தத் தூளுக்கு மின்புல முறையை விட்டுவிட்டுக் காந்த முறைகளோடு நில்லுங்கள்.

10. கணக்கை இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் வெப்பநிலைத் திருத்தம். அதன்பின், தூள் நிரம்பிய குழாயின் தரக் காரணியின் தலைகீழ் மதிப்பிலிருந்து வெற்றுக் குழாயின் தலைகீழ் மதிப்பைக் கழியுங்கள். கிடைப்பது தூளின் இழப்பு. தரக் காரணிகளையே நேரடியாகக் கழிப்பது பொருளற்றது, ஆயினும் அடிக்கடி காணப்படுவது. அதிர்வெண் நகர்வை வெற்றுக் குழாயின் அதிர்வெண்ணால் வகுத்து, விகிதமாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் உலோகப் பின்னத்தால் வகுத்தால், முதல் தோராயத்துக்கு அடைவு அடர்த்தியின் தாக்கம் நீங்கும். துகள்கள் ஒன்றன் புலத்தை மற்றொன்று மாற்றுவதால் இது முழுத் திருத்தமாகாது. ஆகவே, வெவ்வேறு பின்னங்கள் கொண்ட நிரப்பல்களை ஒப்பிடாமல் ஒரே பின்னத்துக்கு நிரப்பி ஒப்பிடுவதே சிறந்தது.

இனி இரண்டாம் படியில் விட்டுவைத்த முடிச்சு. இழப்பு குறைந்திருக்கிறது, தூள் பெருத்ததாலா, சிறுத்ததாலா? இரண்டு வழிகளில் அவிழ்க்கலாம்.

முதல் வழி, இழப்பை அதிர்வெண் நகர்வின் விகிதத்தால் வகுப்பது. இழப்பு உச்சத்துக்கு ஏறி இறங்குகிறது. ஆனால் நகர்வு துகள் பெருக்கப் பெருக்க ஏறிக்கொண்டே போகிறது. ஆகையால் இவ்விரண்டின் விகிதம் துகள் பெருக்கும்போது ஒரே திசையில் இறங்கும். மேலும் உலோகப் பின்னம் வகுபடும் எண்ணிலும் வகுக்கும் எண்ணிலும் இருப்பதால், முதல் தோராயத்துக்கு அடைவு அடர்த்தியும் அடிபட்டுப்போகிறது. வெப்பநிலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதைவிட நம்பகமான ஒற்றை எண் கிடையாது.

இரண்டாம் வழி, 5.5 கிகாஹெர்ட்ஸ் இழப்பை 4 கிகாஹெர்ட்ஸ் இழப்பால் வகுப்பது. துகள்கள் உச்சத்துக்கு வெகு கீழே இருந்தால் இழப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்பக் கூடும், விகிதம் 1.37-ஐ நோக்கிப் போகும். வெகு மேலே இருந்தால் இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும், விகிதம் 0.85-ஐ நோக்கிப் போகும். ஒன்றுக்கு மேலா கீழா என்பதே எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடும். இதைக் கணக்கிடும் முன், ஒவ்வொரு முறைக்கும் குழிப் புலம் தூளில் எவ்வளவு செறிகிறது என்ற நிரப்பு எண்ணால் இழப்பை வகுத்திருக்க வேண்டும். டிஎம்110 முறையில் காந்தப்புலம் குழாய்க்குக் குறுக்காகவும், டிஇ011 முறையில் குழாயின் நீளவாக்கிலும் இருப்பதால், குழாயின் வடிவம் தரும் காந்த நீக்கத் திருத்தத்தையும் விட்டுவிடக் கூடாது.

11. சலித்த பகுதிகளால் உங்கள் வளைவை வரையுங்கள்

கோட்பாட்டு வளைவு ஒரே அளவுள்ள, முழுமையான கோளங்களுக்கானது. உங்கள் தூளில் அளவுகள் பரந்திருக்கும். சிறு துகள்கள் பெரியவற்றோடு ஒட்டிக் குட்டிக் கோள்கள்போல் நிற்கும். எனவே ஒப்பீட்டுத் தூளை 25, 32, 38, 45 மைக்ரான் சல்லடைகளில் சலித்து, ஒவ்வொரு பகுதியையும் மேற்சொன்ன வரிசையில் அளந்து, பத்தாம் படியின் முதல் விகிதத்தைத் துகள் அளவுக்கு எதிராக வரைந்துகொள்ளுங்கள். 25 மைக்ரான் சல்லடையில் தூள் எளிதில் அடைத்துக்கொள்ளும் என்பதால் காற்றுத் தாரைச் சல்லடை வேண்டியிருக்கும்.

இந்த வளைவு உங்கள் கலவைக்கும், உங்கள் குழிக்கும் மட்டுமே செல்லும். வேறொருவர் வளைவை வாங்கி வைத்துக்கொண்டு விட்டம் சொல்வதை நான் ஏற்பதில்லை.

12. விலகலைப் படியுங்கள்

பயன்படுத்திய 316எல் தூளில் அந்த முதல் விகிதம் இறங்கி, எடையில் பெரிய மாற்றம் இல்லை என்றால், பெரும்பாலும் நுண்துகள்கள் குறைந்தும் பெரிய துகள்கள் கூடியும் இருக்கின்றன. லேசர் ஒளிச்சிதறல் சோதனையால் அதை உறுதிசெய்யுங்கள்.

இழப்பு கூடியும் அதிர்வெண் நகர்வு குறைந்தும் வந்தால் வேறு ஐயம் எழ வேண்டும். 316எல் எஃகு அடிப்படையில் காந்தத்தன்மையற்றது. ஆனால் லேசர் தெறித்த துளிகள் வேகமாக உறைந்து தூளில் கலக்கும்போது, காந்தமேறும் படிக வடிவமான டெல்டா ஃபெர்ரைட் சேரக்கூடும். காந்தமேறும் துகள் புலத்தை உள்ளே இழுப்பதால், உலோகத்தின் தள்ளலை அது ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது. இதைத் துகள் அளவு மாற்றம் என்று எடுத்துக்கொண்டால் முடிவு தலைகீழாகும். ஒரு தாளில் தூளைப் பரப்பி, அடியில் வலிய நிலைக்காந்தத்தை நகர்த்துங்கள். துகள்கள் சில எழுந்து ஓடினால் விடை கையிலேயே இருக்கிறது. இந்த எளிய சோதனையை அளவீட்டுக்கு முன்பே செய்துவிடும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

மின்புல எண்கள் மட்டும் மாறி, காந்தப்புல எண்கள் அசையாமல் நின்றால், துகளின் உட்பகுதி மாறவில்லை. மாறியது அதன் மேற்பரப்பு அல்லது இடுக்குகள். உலர்த்தியபின்னும் மாற்றம் நீடித்தால் ஆக்சைடுப் படலம் தடித்திருக்கலாம். சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தைக் காந்தப்புலம் உணராது. ஆனால் துகளுக்கும் துகளுக்கும் இடையிலான தொடுகையை அதுவே தீர்மானிப்பதால் மின்புலம் உணரும். இதிலிருந்து ஆக்சிஜன் விழுக்காட்டைக் கணக்கிட முயல வேண்டாம். மந்த வாயுவில் உருக்கி ஆக்சிஜனை அளக்கும் சோதனைக்கு அந்தத் தொகுதியை அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஐந்து நிரப்பல்களின் பரவல், இரு தூள்களுக்கு இடையே காணும் வேறுபாட்டைவிடப் பெரியதாக இருந்தால், "வேறுபாடு தெரியவில்லை" என்று எழுதுங்கள். தூள் நல்லது என்று எழுத வேண்டாம். இரண்டும் வேறு வேறு செய்திகள்.

13. முடித்த பின்

குழாயைக் கவிழ்த்துத் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, உலர்த்தி, மீண்டும் எடைபோடுங்கள். தொடக்க எடையைவிட ஒரு மில்லிகிராம் கூடியிருந்தாலும் உள்ளே தூள் ஒட்டியிருக்கிறது. வெளியே எடுத்த தூளை அச்சுக்கான கொள்கலனில் திரும்பக் கொட்டாமல், தேதி, குழாய் எண், உலோகப் பின்னம், வெப்பநிலை ஆகியவை எழுதிய குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து யாரேனும் எண்ணைக் கேள்வி கேட்டால், அதே தூளை மீண்டும் அளக்க முடியும். கடைசியாக வெற்றுக் குழியின் தரக் காரணியை ஒருமுறை பார்த்துவிட்டு மூடியை மூடுங்கள். அது காலையில் இருந்ததைவிடக் குறைந்திருந்தால், அன்றைய அளவீடுகளில் எதிலிருந்து தூள் சிந்தத் தொடங்கியது என்று பதிவேட்டில் தேட வேண்டும்.